ஆள்காட்டியின் கூழாங்கல் வீடு

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் தண்ணீர் உள்வாங்கிவிட்டது. கரை முழுவதும் கூழாங்கற்கள் வெளியே தெரிந்தன. அந்தக் கற்களுக்கு நடுவே செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி முதன்முதலாக முட்டையிட்டது. நான்கு முட்டைகள்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நெஞ்சால் மண்ணை அழுத்திச் செய்த சிறு பள்ளம். அதைச் சுற்றி நாலைந்து கற்கள். அவ்வளவுதான். முட்டைகளும் கல்லின் நிறத்திலேயே இருந்தன. ஆள்காட்டிகள் என்றைக்கும் அப்படித்தான் முட்டையிடும்.

அதன் துணையின் பெயர் நெடுங்காலன். அது பள்ளத்தை எட்டிப் பார்த்தது. "நன்றாக இருக்கிறது" என்றது. பிறகு குளத்துக்குப் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து, வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த முட்டைகள் குளிரும்படி அவற்றின்மேல் உட்கார்ந்தது. அதோடு அதன் கவலை முடிந்தது.

செம்மூக்கிக்கோ ஓரிடத்தில் கால் தரிக்காது. முட்டைமேல் உட்காரும். எழுந்து நாலடி நடக்கும். திரும்பிப் பார்க்கும். மறுபடி வந்து உட்காரும். யாராவது பார்த்துவிட்டால், "ஏன் பார்க்கிறார்கள்?" என்று கவலைப்படும். யாரும் பார்க்காவிட்டால், "ஏன் ஒருவரும் பார்க்கவில்லை?" என்று அதற்கும் கவலைப்படும்.

குளத்தோரம் ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி ஒன்று கூடு பின்னிக்கொண்டிருந்தது. செம்மூக்கி அதனடியில் போய் நின்றது.

"வா, வா! முட்டையிட்டாயாமே! உன் கூடு எங்கே?" என்று கேட்டது தூக்கணாங்குருவி.

"அதோ, அங்கே."

"எங்கே? தரைதான் தெரிகிறது!"

"தரையில்தான் இருக்கிறது."

"ஐயையோ! கூரை இல்லையா? வாசல் இல்லையா? இதற்குப் போய்க் கூடு என்று பெயரா!"

தூக்கணாங்குருவி சிரித்த சிரிப்பில் அதன் அலகிலிருந்த நார் கீழே விழுந்துவிட்டது. அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தன் கூட்டைத் தவிர வேறு கூட்டை அது பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

செம்மூக்கி முகம் வாடித் திரும்பி வந்தது.

"கேட்டீர்களா? நம் வீடு வீடே இல்லையாம்!"

"யார் சொன்னது?"

"தூக்கணாங்குருவி!"

"அது மரத்தில் இருக்கிறது. நாம் தரையில் இருக்கிறோம். அதன் வீடு அதற்கு. நம் வீடு நமக்கு. கொஞ்ச நேரம் உட்கார், நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்றது நெடுங்காலன்.

"உங்களுக்கு எதுவுமே உறைக்காது!" என்றது செம்மூக்கி.

அன்று மாலையே அது காய்ந்த புல்லைக் கொத்திக் கொண்டுவந்து பள்ளத்தைச் சுற்றி அடுக்கியது. மறுநாள் மைனா வந்தது. காட்டில் ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் மைனாவின் பிழைப்பு.

"புல் வைத்திருக்கிறாயே அக்கா, நல்லது. ஆனால் வெறும் புல்லா?" என்றது மைனா.

அந்த ஒரு கேள்வி போதும். செம்மூக்கி ஓடியது. மயில் உதிர்த்த இறகு ஒன்றை இழுத்துவந்து புல்லின் நடுவே செருகியது. தள்ளி நின்று பார்த்தது. திருப்தி வரவில்லை. இடம் மாற்றிச் செருகியது. அப்போதும் வரவில்லை.

எதிரே ஒரு புற்று. அதில் ஒரு கீரி குடியிருந்தது. ஆள்காட்டி முட்டை என்றால் அதற்கு நாக்கில் நீர் ஊறும். அந்தக் கரையை அது எத்தனையோ முறை சல்லடை போட்டுத் தேடிவிட்டது. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் வெறும் வயிற்றோடு திரும்பிவிட்டது. இப்போது மைனா ஊர்க்கதை பேசுவது அதன் காதில் விழுந்தது. கீரிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"மைனா! இங்கே வா. பயப்படாதே. நான் இப்போது விரதம்!" என்றது கீரி.

"விரதமா! நீயா!"

"ஆமாம். அது கிடக்கட்டும். அந்தச் செம்மூக்கியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. என்ன பாடுபடுகிறது! வெள்ளை நத்தை ஓடுகளைப் பொறுக்கி, கூட்டைச் சுற்றி வட்டமாக அடுக்கினால் எப்படி இருக்கும்! 'அதோ செம்மூக்கி வீடு' என்று தூரத்திலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். போய்ச் சொல்லு. ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே. எனக்கு எதற்குப் பெருமை!"

மைனா பறந்துபோய், "அக்கா! வெள்ளை நத்தை ஓடு வைத்தால்தான் அழகாம். எல்லோரும் சொல்கிறார்கள்!" என்றது.

"எல்லோருமா?"

"எல்லோரும்தான்!"

அந்த 'எல்லோரும்' யார் என்று செம்மூக்கி கேட்கவில்லை. குளத்துச் சேற்றுக்கும் கூட்டுக்குமாக ஓடத் தொடங்கியது. ஒரு ஓடு, இன்னொரு ஓடு, அதைவிட வெள்ளையாக இன்னொன்று. கால் வலித்தது. வாய் உலர்ந்தது. முட்டைகளை நினைக்கவே அதற்கு நேரமில்லை.

நெடுங்காலன் வெயிலில் முட்டைகளை மறைத்துக்கொண்டே சொன்னது: "முட்டைக்கு வேண்டியது நம் உடம்பு. ஊருக்கு வேண்டியது பேச்சு. நீ எதைக் கவனிக்கிறாய்?"

"இன்னும் ஒரே ஒரு ஓடு! வட்டம் முடிந்துவிடும்! நீங்கள் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வாருங்கள், நான் உட்காருகிறேன்" என்றது செம்மூக்கி.

நெடுங்காலன் குளத்துக்குப் போனது. செம்மூக்கி உட்காரவில்லை. கடைசி ஓட்டை வைத்துவிட்டு, அழகு பார்ப்பதற்காகப் பின்னால் நடந்து, இன்னும் கொஞ்சம் பின்னால் நடந்து, கழுத்தைச் சாய்த்தது.

புதரிலிருந்து கீரி வந்தது. இந்த முறை அது எதையும் தேடவில்லை. மோப்பம் பிடிக்கவும் இல்லை. வெள்ளை வட்டத்தைப் பார்த்து நேராக ஓடிவந்தது.

செம்மூக்கி அலறியது. நெடுங்காலன் குளத்திலிருந்து பாய்ந்து வந்தது. இரண்டும் மாறி மாறிக் கீரியின் தலையில் கொத்தின. ஆனாலும் கீரி ஒரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு புதருக்குள் மறைந்துவிட்டது. முட்டை ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு கீரியின் குரல் கேட்டது.

"வெள்ளை ஓடு ரொம்ப அழகு, செம்மூக்கி! மைனா நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறது! நாளைக்கும் வருகிறேன்!"

நெடுங்காலன் வெள்ளை ஓடுகளைத் தாண்டி நடந்தது. மீதி மூன்று முட்டைகள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் செம்மூக்கிக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். செம்மூக்கியால் அங்கே நிற்க முடியவில்லை. விர்ரென்று மேலே எழும்பிக் குளத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

அப்படிப் பறக்கும்போதுதான் கீழே பார்த்தது. கரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். அதில் ஒரே ஓர் இடம் மட்டும் பளபளவென்று மின்னியது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கண் அங்கேதான் போய் நின்றது. அதே கரையில் வேறு ஆள்காட்டிகளும் முட்டையிட்டிருந்தன. அவற்றின் கூடுகளைச் செம்மூக்கி தேடிப் பார்த்தது. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தன் வீட்டை அது தன் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் முறை. அதுவரை பிறர் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

செம்மூக்கி சடாரென்று இறங்கியது. ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளத்தில் போட்டது. மயிலிறகைக் காற்றில் விட்டது. புல்லைக் காலால் கலைத்தது.

மைனா பதறிக்கொண்டு வந்தது. "ஐயோ அக்கா! என்ன செய்கிறாய்? எல்லோரும் என்ன சொல்வார்கள்?"

"அந்த எல்லோரில் ஒருவர் பெயரைச் சொல்."

மைனா விழித்தது. "அது வந்து... கீரி... அன்றைக்குக் கீரி மட்டும்தான் சொன்னது. விரதம் என்று சொன்னதே அக்கா!"

"இனிமேல் என்னிடம் வந்தால், யார் சொன்னார்கள் என்று முதலில் சொல். என்ன சொன்னார்கள் என்று பிறகு சொல்."

மைனா தலையைக் குனிந்துகொண்டு போனது.

மறுநாள் சொன்னபடியே கீரி வந்தது. அதைத் தூரத்தில் கண்டதுமே செம்மூக்கியும் நெடுங்காலனும் முட்டைகளை விட்டு விலகிக் கரையின் மறுகோடிக்குப் போய்விட்டன. வெள்ளை வட்டத்தைக் காணோம். திகைத்தது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தது. அதன் கால் முட்டைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் விழுந்தது.  செம்மூக்கி ஓடிப்போய் முட்டைகளை மூடிக்கொள்ளத் துடித்தது. ஆனால் அது ஓடினால் கீரிக்கு வழி தெரிந்துவிடும். அதனால் நின்ற இடத்திலேயே, ஒன்றுமே நடக்காததுபோல் பூச்சி பொறுக்கியது. நெடுங்காலன் அதன் பக்கத்தில் நின்றது.

கீரி அவை நின்ற இடத்தைப் பார்த்து ஓடிவந்தது. "முட்டை இங்கேதான் இருக்கிறது!" என்று ஒவ்வொரு கல்லாகப் புரட்டியது. கல்லைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. பசியோடும் கோபத்தோடும் புற்றுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு அது தவளை பிடிக்கப் போய்விட்டது.

சில நாள் கழித்து மலைப்பக்கத்து ஓடை வறண்டுவிட்டது. ஒரு மாலை, தாகம் தாங்காமல் காட்டெருமைக் கூட்டம் ஒன்று குளத்தை நோக்கி வந்தது. தரை அதிர்ந்தது. புழுதி எழும்பியது. அவை வந்த வழி நேராகச் செம்மூக்கியின் முட்டைகள்மேல்தான் வந்தது.

"செம்மூக்கி! பறந்துவிடு! மிதித்துக் கூழாக்கிவிடும்!" என்று ஈச்சமரத்திலிருந்து கத்தியது தூக்கணாங்குருவி.

"பறந்துவிடு அக்கா! இந்த முறை நானாகத்தான் சொல்கிறேன்!" என்று மைனாவும் கத்தியது.

செம்மூக்கிக்கு இரண்டும் காதில் விழுந்தன. பயமும் இருந்தது. ஆனால் பள்ளத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. அது எழுந்து முட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு சிறகுகளையும் அகல விரித்தது.

"எட்டிப் போ! எட்டிப் போ! எட்டிப் போ!"

முன்னால் வந்த பெரிய எருமை சட்டென்று நின்றது. அதன் பின்னால் வந்தவையும் முட்டிக்கொண்டு நின்றன.

"ஏ குருவி! தாகத்தில் வருகிறோம். வழியை விடு!"

"குளம் பெரிது. நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிறது. இங்கே என் வீடு இருக்கிறது. சுற்றிப் போ!"

எருமை குனிந்து பார்த்தது. "வீடா? எங்கே? ஒன்றையும் காணோமே! வெறும் கல்லாக அல்லவா இருக்கிறது!"

"உன் கண்ணுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. என் முட்டைகள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சுற்றிப் போ!"

எருமையின் மூச்சுக்காற்று செம்மூக்கியின் இறகுகளைக் கலைத்தது. அதன் ஒரு குளம்பே செம்மூக்கியின் முழு உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. செம்மூக்கி கண்ணை மூடவில்லை. ஓரடியும் நகரவில்லை. அத்தனை நாளும் நிலைகொள்ளாமல் ஓடிய கால்கள் அப்போது மண்ணில் ஊன்றி நின்றன.

எருமை முன்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு பின்னால் திரும்பி, "கேட்டீர்கள் அல்லவா? சுற்றி வாருங்கள்! இங்கே ஒரு வீடு இருக்கிறது!" என்றது.

கூட்டம் முழுவதும் ஆறு பிரிவதுபோல் இரண்டாகப் பிரிந்து, அந்தச் சின்னப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனது.

புழுதி அடங்கியது. நெடுங்காலன் ஓடிவந்து முட்டைகளைப் பார்த்தது. மூன்றும் அப்படியே இருந்தன.

"நன்றாக இருக்கிறது" என்றது.

"ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது" என்றது செம்மூக்கி. யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் முட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டது.

ஊரார் கண்ணுக்காக வாழ்பவர் ஓடி ஓடிக் கையில் இருப்பதையும் இழப்பார்; தனக்கு வேண்டியது எது என்று தெரிந்துகொண்டவர் கொஞ்சத்தில் நிறைவார், யார் எதிரிலும் நிமிர்ந்து நிற்பார்.