மூடியில் கட்டிய கம்பி

உலகம்மை கத்தியது பட்டறையைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது.

"எவன் கட்டினான் இதை?"

தியானக் குடிலில் எல்லாரும் கையில் இருந்த வேலையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். குரு உலகம்மையின் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. கோபத்தை என்ன செய்வது என்று கேட்கத்தான் ஊர் ஊராய் ஜனங்கள் அவரிடம் வருவார்கள். அன்றைக்கும் தென்காசியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பல வருஷமாகப் பேச்சு இல்லை. அவர்களைப் பட்டறை வழியாக அழைத்து வந்துகொண்டிருந்தபோதுதான் இது நடந்தது.

பட்டறையின் மறுகோடியில் ஒரு ஜன்னல் சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த சொரிமுத்து நிமிர்ந்தார். உலகம்மை, கோணம் வெட்டும் மைட்டர் ரம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கை, அங்கே வேலை செய்யும் இசக்கியம்மாளின் தோளைப் பிடித்திருந்தது. மறு கையில் பிடுங்கிய பிளக் தொங்கியது.

"கேக்கேன்ல! எவன்?"

"நான்தாம்மா," என்றார் சொரிமுத்து.

"நீயா?"

அவ்வளவு நாளும் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்ட வாய். சொரிமுத்துவுக்கு முகம் சுட்டது.

"வெளியே போ. இந்த மிஷின் பக்கம் வராதே. யாரும் இதைத் தொடக் கூடாது. அந்தக் கம்பி அப்படியே கிடக்கட்டும்."

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சொரிமுத்து உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

*

உலகம்மையைவிட அவருக்கு வயது அதிகம். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆலையை மூடினார்கள், அடுத்த வருஷம் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வாயைத் திறந்தால் சண்டை என்று ஆனது அவருக்கு. மகன் வீட்டில் சண்டை, டீக்கடையில் சண்டை. யாரோ சொல்லி இந்த மலையடிவாரத்துக்கு வந்தார். காலையில் உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். வெயில் ஏறியதும் பட்டறைக்குப் போவார்கள். கதவு, ஜன்னல், படச்சட்டம் செய்து விற்றுத்தான் குடிலில் உலை கொதித்தது. உலகம்மையே நல்ல தச்சர். பேசுவது கொஞ்சம். இரண்டு வருஷத்தில் சொரிமுத்துவின் வாய் அடங்கியிருந்தது. அவரே ஆச்சரியப்படும் அளவுக்கு அடங்கியிருந்தது.

அந்த மிஷினைக் கொண்டுவந்ததும் சொரிமுத்துதான். அதுவரை கோண வெட்டு என்றால் கைரம்பமும் மரப்பெட்டியும்தான். இந்த ரம்பத்தில் மேசையையும் திருப்பலாம், பிளேடையும் சாய்க்கலாம். கூரை ஓரத்துக்கு வைக்கும் பூவேலைச் சட்டத்தை இரண்டு கோணத்திலும் ஒரே வெட்டில் வெட்டி எடுக்கலாம். புது தியான மண்டபத்துக்கு அந்தச் சட்டங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பூட்டியதில் குறை சொல்ல முடியாது. ஆடாத பெஞ்சில் நாலு போல்ட் போட்டு இறுக்கினார். நீளச் சட்டம் தொங்கிப் பிளேடைக் கவ்வாமல் இருக்க, இரண்டு பக்கமும் மேசை மட்டத்துக்கே தாங்குகட்டை வைத்தார். மூலைமட்டம் வைத்துப் பிளேடு நேராக நிற்கிறதா என்று பார்த்தார். கோணம் மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தார். சட்டத்தைப் பின்தடுப்போடு சேர்த்து க்ளாம்ப் போடாமல் வெட்டக் கூடாது, கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது, முந்தானையை இழுத்துச் செருகாமல் கிட்டே வரக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

ஒரே ஒரு கம்பி. பிளேடைத் தூக்கினால் தானாக வந்து அதை மூடிக்கொள்ளும் அந்த பிளாஸ்டிக் மூடியை மேலே இழுத்து, கட்டுக்கம்பியால் ஒரு முறுக்கு. முந்தின நாள் சாயங்காலம் செய்தது.

அதற்கா இவ்வளவு?

பம்ப்செட் தொட்டி மேல் உட்கார்ந்து அவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. காதில் ஏறவில்லை. இரண்டு வருஷமாக அடங்கிக் கிடந்தது மொத்தமும் ஏறி வந்தது. 'எவன்' என்கிறாள். வேற்று ஆள் முன்னால். என் மகள் வயசில்லை என்றாலும் தங்கச்சி வயசு. ஆலையில் ஜெனரல் மேனேஜர்கூட என்னை 'எவன்' என்று கேட்டது கிடையாது. கோபம் உன்னைத் தின்றுவிடும் என்று எனக்குச் சொன்னவள். மூச்சைப் பார், மூச்சைப் பார் என்று சொன்னவள்.

தொட்டி விளிம்பில் கையால் ஓங்கி அடித்தார். சிமென்ட்டில் பட்டு உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சலும் உலகம்மையின் கணக்கிலேயே ஏறியது.

மதியம் இசக்கியம்மாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். குடிலில் சமையலும் அவள்தான், பட்டறையில் பாதி வேலையும் அவள்தான்.

"அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிடுங்க."

"வேண்டாம். கொண்டு போ."

"அம்மா அப்படிப் பேசுனது..."

"போன்னு சொன்னேன்ல!"

தட்டை விளிம்பில் வைத்துவிட்டு நின்றாள். கட்டைவிரல் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. மசாலா அரைத்தாள் போல என்று நினைத்தார். அவள் திரும்பிப் போனாள்.

சோற்றில் எறும்பு ஏறியது. அவர் எழுந்து அறைக்குப் போனார். வேட்டி, சட்டை, துண்டு, மனைவியின் போட்டோ. பையில் திணித்து ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கியது. இன்னும் வேகமாக இழுத்தார். ஜிப் கையோடு வந்துவிட்டது.

போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல் போனால் ஆயுசுக்கும் உறுத்தும்.

*

உலகம்மை பட்டறையில் தனியாக இருந்தார். மற்றவர்கள் மாமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பியும் அங்கேதான், ஆளுக்கொரு மூலையில். உலகம்மை மிஷினுக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி அப்படியே இருந்தது. பிளேடு பல்லைக் காட்டிக்கொண்டு மேலே நின்றது.

"நான் போறேன்," என்றார் சொரிமுத்து.

"சரி."

"ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்."

"கேளுங்க."

"உங்களுக்குக் கோபம் வரலாமா?"

உலகம்மை திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம். உங்க பேச்சைக் கேட்டு நான் என் நாக்கைக் கட்டினேன். மருமகள் என்னை நாய்னு சொன்னா, சிரிச்சிட்டு வந்தேன். எல்லாம் நீங்க சொல்லித்தான். காலையில அது எங்க போச்சு? என்னை எவன்னு கேட்டீங்களே, அப்ப உங்க மூச்சை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அது கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அப்ப எதுக்கு நாங்க இங்க உக்காரணும்? ஊரான் வந்து எதுக்குக் கும்பிடணும்? நான் என்ன கொலையா செஞ்சேன்? மூடி வந்து மறைச்சா பென்சில் கோடு தெரியலை. கோடு தெரியாம வெட்டினா மூலை சேராது. மூலை சேரலைன்னா நீங்கதான் திருப்பி அனுப்புவீங்க. சுத்தமா வெட்டணும்னுதான் கட்டினேன். முப்பது வருஷம் மிஷினோட கிடந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்."

"பிறகென்ன?"

உலகம்மை முக்காலியை மிஷினுக்கு இன்னும் கிட்டே இழுத்தார். வலது கையை நீட்டி உள்ளங்கை கீழே படிய மேசையின் நடுவில் வைத்தார். பிளேடு இறங்கும் வெட்டுப்பள்ளத்தின் மேல் சரியாக நாலு விரலும் கிடந்தன.

"கைப்பிடியைப் பிடிங்க," என்றார்.

"எதுக்கு?"

"பிடிச்சு இறக்குங்க."

சொரிமுத்து நகரவில்லை.

"கரண்ட் இல்லை. பிளக் பிடுங்கித்தான் கிடக்கு. நின்ன பிளேடு. பாருங்க."

பார்த்தார். பிளக் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தார், முனை மூன்றையும் பார்த்தார். கீழே வைத்தார். எழுந்து கைப்பிடியில் கை வைத்தார். மறுபடியும் குனிந்து அதை எடுத்து, தன் கண்ணுக்கு எதிரே மேசை விளிம்பில் வைத்தார்.

"கோபமாத்தானே இருக்கீங்க என் மேல?"

"ஆமா."

"இறக்குங்க."

அவர் கைப்பிடியை அழுத்தினார். சுருள்வில் கிறீச்சிட்டது. பிளேடு கொஞ்சம் இறங்கி நின்றது. போன வாரம் அவரே மாட்டிய புது பிளேடு. பல் ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தேக்கு வெண்ணெய் மாதிரி போகும் அதில்.

"இன்னும்."

இன்னும் கொஞ்சம் இறக்கினார். உலகம்மையின் நகங்களில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு பழைய உளிக் காயம். புறங்கையில் பச்சை நரம்பு ஒன்று ஓடியது. அது துடிப்பது தெரிந்தது. சொரிமுத்துவின் பார்வை மேசை விளிம்பில் இருந்த பிளக்குக்குப் போய்த் திரும்பியது. அது அங்கேதான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம், அண்ணாச்சி. ஒண்ணும் ஆகாது."

"போதும்மா."

"முப்பது வருஷம் மிஷினோட கிடந்தவருக்கு நின்ன பிளேடைப் பார்த்தா பயமா?"

"கையை எடுங்க."

உலகம்மை கையை எடுக்கவில்லை. விரல்களை இன்னும் உள்ளே நகர்த்தினார். பிளேடுக்கும் விரலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

"இறக்குங்க. கோடு நல்லாத் தெரியுதா?"

"கையை எடு!"

அவர் கத்தியது மாமரத்தடிக்குக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் தட்டோடு எழுந்துவிட்டார்கள். சொரிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எடுன்னு சொல்லுதேன்ல! காது கேக்கலையா உனக்கு? எடு கையை! கூறுகெட்ட பொம்பளை! விரல் போயிருமே, விரல் போயிட்டா யார் கொண்டு தருவா?"

கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சுருள்வில்லே அதைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.

இசக்கியம்மாள் ஓடிவந்து வாசலில் நின்றாள். மஞ்சள் கழுவியிருந்தாள். கட்டைவிரலில் நகத்தின் முன்பாதி இல்லை. வெட்டு மட்டமாக, மிகச் சுத்தமாக இருந்தது. காலையில் சுவிட்சை விட்டதும், மூடி எப்போதும் போல வந்து மூடியிருக்கும் என்று நினைத்து, வெட்டி விழுந்த துண்டை எடுக்க அவள் கையை நீட்டியிருக்கிறாள். பிளேடு அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. சொரிமுத்து அந்த விரலைப் பார்த்தார்.

"இசக்கி," என்றார்.

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. நகந்தானே. வளந்துரும்."

உலகம்மை மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் காலையில் இருந்த சிவப்பு இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை.

"கோபம் வரலாமான்னு கேட்டீங்க," என்றார். "இப்ப உங்களுக்கு வந்துச்சே, அதுக்குப் பேர் என்ன?"

சொரிமுத்து கைப்பிடியை மெல்ல விட்டார். பிறகு குனிந்து, கட்டுக்கம்பியின் முறுக்கை விரல் நகத்தால் நெம்பத் தொடங்கினார். அவரே இறுக்கிய முறுக்கு, லேசில் அவிழவில்லை.