மலைக் கூட்டில் ஒன்று கூடுதல்

"என் மானத்தை வாங்குது சார், இந்த மலைத் தேனீ!" என்றாள் பிரிசில்லா.

சாரின் பெயர் அன்சாரி. அவளைவிட வயதில் சின்னவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறவளுக்கு அவர்தான் வழிகாட்டி.

"என்ன செஞ்சுது?"

"எல்லாம் ஒரே கொசுத்தேனீதான். கீழே ஊருக்குள்ள எடுத்த கூடுகள்ல, புத்தகத்துல போட்ட மாதிரியே குரோமோசோம் எண்ணிக்கை வருது. மலைக் கூட்டுல மட்டும் ஓரமா குட்டியா ஒண்ணு கூடுதலா நிக்குது."

"ஸ்லைடுல ஒட்டின சாயத் துணுக்கா இருக்கும்."

"சாயத்தை மாத்தியாச்சு. அதே கூட்டுலேருந்து புதுப் புழுவும் எடுத்தாச்சு. சனியன், அப்பவும் நிக்குது!"

பாவம், அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருஷப் பாடும் பாழ்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கெட்ட ஸ்லைடையெல்லாம் தள்ளிட்டு நல்லதை மட்டும் வெச்சு முடிச்சிடறேன். இங்க எல்லாரும் செய்யறதுதானே?"

அதுவும் பொய்யில்லை. குரோமோசோம்கள் பிரியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், அந்த ஸ்லைடைத் தள்ளிவிடுவது அந்த ஆய்வுக்கூடத்தில் வழக்கம்தான்.

"மலை ஸ்லைடு சரியாப் பிரியலையா?"

"அழகாப் பிரிஞ்சிருக்கு. அதான் எரிச்சலே!"

"அப்புறம் எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?"

"எண்ணிப் பாப்பேன். புத்தகத்துல உள்ள எண்ணிக்கை வந்தா நல்லது."

அன்சாரி கையை நீட்டி மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார்.

"ஐயோ சார், நான் இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்!"

"எதுக்கு? அதான் புத்தகம் இருக்கே."

பிரிசில்லாவுக்குச் சுருக்கென்றது. முகம் சிவந்துபோனது. கோபம்தான். சார் மேல் இல்லை, தன் மேலேதான்.



"பதிவு போயிடும்" என்றாள்.

"போகலாம்."

"முதல்லேருந்து பதியணும். வீட்டுல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லணும்."

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"வீட்டுக்கா?"

"மலைக்கு சார். ஒரு கூட்டை மட்டும் பாத்துட்டு வந்துட்டேன். பக்கத்துக் கூடுகள்ல என்ன இருக்கோ!"