நடுக் கம்பி

“அம்மா, இன்னொரு டிரான்ஸ்பார்மர் வேணும்.”

சீடர் சாந்தானந்தர் பதறினார். அந்தப் பெயரைச் சூட்டிய குருவம்மாவுக்கே சில சமயம் சிரிப்பு வரும். சீடருக்கு ஐம்பத்தாறு வயது, குருவுக்கு முப்பத்தெட்டு. மடத்தில் அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை, சீடரைத் தவிர.

“தெருமுனைக் கம்பத்துல ஒண்ணு தொங்குது. கழட்டிக்கிட்டு வாங்க.”

“விளையாட்டில்லை, அம்மா. பாட்டு ஆரம்பிக்கிற நேரம். ஆம்ப்ளிஃபயருக்குக் கூட்டல்ல பதினேழு வோல்ட் வேணும், கழித்தல்லயும் பதினேழு வேணும். நான் கட்டின பவர் சப்ளையில ரெண்டா பிரியாம மொத்தமா முப்பத்துநாலுதான் வருது. அப்படியே கொடுத்தா எரிஞ்சுபோகும்.”

“யார் பாடறது?”

குருவம்மாவுக்குத் தெரியும். மடத்துப் பசுவுக்கும் தெரியும்.

“மெய்யம்மை.”

“யாரு?”

“என்... பூர்வாசிரமத்து மகள்.”

பூர்வாசிரமம் என்பது துறவிகள் தாம் விட்டுவந்த வீட்டுக்கு வைத்திருக்கும் நாகரிகமான பெயர். செட்டிநாட்டு வழக்கப்படி அப்பாவை ‘அப்பச்சி’ என்று கூப்பிட்ட அவளை, விட்டுவந்தபின் அவர் பார்க்கவில்லை. வரச் சொல்லிக் குருவம்மாதான் எழுதியிருந்தார்.

“வாசல்ல வந்து நின்னா என்னன்னு கூப்பிடறது, அம்மா? மகளேன்னா துறவு போச்சு. வாங்க அம்மணின்னா அவளே போயிடுவா. அப்புறம் வரவே மாட்டா.”

குருவம்மா சப்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று கம்பிகள் வந்தன. ஓரக் கம்பிகள் இரண்டையும் சீடர் பதவிசாகப் பற்றவைத்திருந்தார். நடுக் கம்பிக்கு டேப் சுற்றி மடக்கிவிட்டிருந்தார்.

“இது?”

“தேவைப்படலை.”

அளவு பூஜ்யத்தில் தொடங்கும் மீட்டரின் கறுப்பு முனை, சப்ளையின் கழித்தல் பக்கத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. ரேடியோ வேலை பழகிய நாளிலிருந்து அவர் அதை வேறெங்கும் வைத்ததில்லை.

குருவம்மா டேப்பை உரித்தார். கறுப்பு முனையைப் பிடுங்கி நடுக் கம்பியில் மாட்டினார். சிவப்பு முனையால் சப்ளையின் ஒரு பக்கத்தைத் தொட்டார்.

பதினேழு.

மறுபக்கத்தைத் தொட்டார்.

கழித்தல் பதினேழு.

சாந்தானந்தர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

“என்ன சேர்த்தீங்க, அம்மா?”

“ஒண்ணும் சேர்க்கலை.”

“அப்போ இது எங்கேருந்து வந்தது?”

“இங்கேயேதான் இருந்தது. நீங்க எங்க நின்னு அளந்தீங்க?”

வாசலில் ஆட்டோ நின்றது.

மெய்யம்மை செருப்பைக் கழற்றினாள். சுருதிப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து, கையைக் கூப்ப முடியாமல் கூப்பினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

“நமஸ்காரம், சாமி.”

சாந்தானந்தர் ஒருமுறை திரும்பி, அந்த நடுக் கம்பியைப் பார்த்தார்.

“சாப்பிட்டியா, ஆத்தா?”

அவள் நிமிர்ந்தாள்.

“இன்னும் இல்லை, அப்பச்சி.”