தொண்டை கட்டுன ஆள்காட்டி

ஒரு காட்டுல ஒரு புள்ளிமான் கூட்டம் காவலுக்கு ஆள் தேடிட்டு இருந்துச்சு. மான் தண்ணி குடிக்கணும்னா தலையக் குனியணும். குனிஞ்சா சிறுத்தை வர்றது தெரியாது. யாராச்சும் பாத்துச் சத்தம் போடணும். ஆள் இல்லாம போன வாரம் மட்டும் ரெண்டு குட்டி போச்சு.

மான்களுக்கு ஆள் எடுக்கத் தெரிஞ்சது ஒரே வழிதான். வரிசையா நிக்கவச்சுக் கத்தச் சொல்லும். யாரு சத்தம் பெருசோ, அவங்களுக்கு வேலை!

முதல்ல மயில் வந்துச்சு. "தலைவரே, நான் கத்துனா மழையே வரும். சிறுத்தை எம்மாத்திரம்?"

ஒரு கத்து கத்துச்சு பாருங்க, ரெண்டு மான் பயந்துபோய்ப் புதருக்குள்ள பாஞ்சிருச்சு.

அடுத்து மைனா. "எனக்கு எட்டு விதமாக் கத்த வரும். எது வேணும்?"

"சிறுத்தை வந்தா கத்துறது."

"அது ஒம்போதாவது. கத்துக்கிட்டாப் போச்சு!"

கடைசியா ஆள்காட்டிக் குருவி, ஒல்லிக் கால வச்சுக்கிட்டுத் தயங்கித் தயங்கி வந்துச்சு. வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது.

மைனா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "ஏம்மா, சிறுத்தையத் தூங்க வைக்கப் போறியா?"

கூட்டத்துக்குத் தலைவரான கொம்பு மான் கேட்டுச்சு: "தொண்டைக்கு என்ன தாயி?"

"கட்டிருச்சுண்ணே. ஏழு நாளா ஆத்துக்கு அக்கரையில இருந்து கத்துனேன். எதிர்க்காத்து. உங்களுக்குக் கேக்கல."

"எதுக்குக் கத்துன?"

"சிறுத்தை வந்துச்சேண்ணே."

கொம்பு மான் மெதுவா, "கிட்ட வந்து கத்தியிருக்கலாமே?"ன்னுச்சு.

"வந்தேன். யாரோன்னு நெனச்சு நீங்கதான் கால ஓங்கி வெரட்டுனீங்க."

"வேலையே குடுக்கலையே, உனக்கு ஏன் இந்தப் பாடு?"

"என் கூட்டம் வெள்ளத்துல செதறிப்போச்சுண்ணே. பொழுது சாயுறப்ப நீங்கல்லாம் ஒண்ணா எறங்கி வருவீங்க. நான் அக்கரையில நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். காலு நொண்டுற குட்டி கடைசியாத்தான் வரும். அது வந்து சேர்ற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. நானும் யாருக்காகவாச்சும்..." 

மயில் குறுக்க பூந்துச்சு. "அப்ப நான்?"

"மழை வேணும்னா சொல்லி அனுப்புறோம்ப்பா," ன்னுட்டு கொம்பு மான் குருவி பக்கம் திரும்புச்சு. "நீ இன்னைக்கே சேந்துக்கோ தாயி."

"குரல் வரட்டும்ணே. ரெண்டு நாளாவது ஆகும்."

"அதுவரைக்கும் என் முதுகுல ஏறி நில்லு. காதுல சொன்னாப் போதும்."

நீதி: வேலை கேட்டு வர்றவங்க எவ்வளவு சத்தமாக் கேக்குறாங்கன்னு பாக்காதீங்க, வேலை கெடைக்கிறதுக்கு முன்னாடியே யாரு அதச் செய்ய ஆரம்பிச்சுட்டாங்கன்னு பாருங்க.