மண்டையோடு ஏந்திய மகள்

“உயிரோடு இருக்கிறவளைச் செத்தவளாகச் செதுக்கி வைத்திருக்கிறார். கேட்க நாதியே இல்லையா?”

மூச்சிரைக்க ஓடைக்கரையில் வந்து நின்றாள் மார்ஜரி.

கம்பளி அலசிக்கொண்டிருந்த டார்கஸ் தலை நிமிரவில்லை. மார்ஜரியைவிட இளையவள்தான். ஆனால் அந்த ஊர் ஏழைகள் பாதிரியாரை விட்டுவிட்டு இவளிடம்தான் வழி கேட்பார்கள்.

“யார் செதுக்கியது, அக்கா?”

“வேறு யார்? பெற்ற அப்பன்!”

அப்பன் சர் கில்பர்ட். குடிகளின் சம்மதம் இல்லாமல் அரசர் சல்லிக்காசு வரி வாங்கக் கூடாது என்று லண்டன் பாராளுமன்றத்தில் முழங்கியவர். ஊரிலோ ஏழைகளின் மேய்ச்சல் நிலத்தை ஒருவரையும் கேட்காமல் வேலி போட்டு வளைத்தவர். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில். இந்த ரகம் எந்தத் தேசத்தில்தான் இல்லை?

அந்த வேலியைப் பிடுங்கி எறிந்த நெசவாளியைத்தான் மார்ஜரி மணந்தாள். அவன் சிறையிலேயே செத்தான்.

இப்போது சர் கில்பர்ட் தமக்கென்று தேவாலயத்தில் கல்லறை கட்டி முடித்திருந்தார். கல்லறையில் பிள்ளைகளின் சிலைகள் வரிசையாக முழங்காலிட்டிருக்கும். தகப்பனுக்கு முன்பே இறந்த பிள்ளையின் கையில் மட்டும் ஒரு மண்டையோடு. அந்நாட்டுப் பெரிய வீடுகளின் வழக்கம் அது.

மார்ஜரியின் சிலை மண்டையோடு ஏந்தியிருந்தது.

“எடுக்கச் சொன்னீர்களா?”

“எடுப்பாராம். அம்மா வழியில் எனக்கு வந்த புல்வெளியை அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இதோ பத்திரம்.”

“ஊர் மாடுகளுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதானே?”

“ஆமாம். கொடுத்தால் ஊர் பட்டினி. கொடுக்காவிட்டால் நான் பிணம். என்ன செய்யட்டும்?”

டார்கஸ் கம்பளியைப் பிழிந்தாள்.

“உங்களைத்தான் கேட்கிறேன்!”

பிழிந்துகொண்டே இருந்தாள்.

மார்ஜரிக்குக் கோபம் தலைக்கேறியது. டார்கஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “காது செவிடா?”

“இல்லை, அக்கா. செத்தவர்கள் பேசினால் எனக்குக் கேட்பதில்லை. செத்தவர்கள் அப்பாவுக்குப் பயந்தும் நான் பார்த்ததில்லை.”

மார்ஜரியின் பிடி தளர்ந்தது.

நேரே தேவாலயத்துக்கு நடந்தாள். சர் கில்பர்ட் தம் சிலையின் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட்டாயா?”

மார்ஜரி பத்திரத்தை அந்தக் கல் மண்டையோட்டின் மேல் வைத்தாள்.

“உங்கள் சொல் கேட்கும் மகள் இவள்தான், அப்பா. இவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.”