மடக்குக்கத்தி முகம் புதைத்த கதை

அந்தக் காலத்தில் கத்திக்கும் வாய் இருந்தது. மரம் பேசும், தேனீ பேசும், இடுப்பில் செருகிய கத்தியும் பேசும். பேசும் என்றா சொன்னேன்? தொணதொணக்கும்! மடிப்பெல்லாம் அதற்குக் கிடையாது. பளபளவென்று முகத்தைக் காட்டிக்கொண்டே திரியும். கிழங்கைச் சீவு என்றால் போதும், தானே குதித்து ஓடிச் சீவிவிட்டு மறுபடி இடுப்பில் ஏறிக்கொள்ளும். "சொல்லி வாய் மூடுறதுக்குள்ள முடிச்சிடுவேனாக்கும்!" என்று பெருமை வேறு.

மலைக்காட்டில் இருந்த கோவனிடம் அப்படி ஒரு கத்தி இருந்தது. அவனுக்கு ஒரே தங்கை, பொம்மி. அவள் புருஷன் சடையன் தேன் எடுக்கிறவன். காட்டுக்கொடியைப் பிடித்துச் செங்குத்துப் பாறையில் தொங்கித்தான் தேன் எடுக்க வேண்டும். மேலே நின்று அந்தக் கொடியைப் பிடிப்பவன் மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருப்பான்; வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். கூடப் பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கு மனசு வரும்?

பொம்மிக்கு அப்போது நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கத் தேன் வேண்டும் என்று இருவரும் கிளம்பினார்கள்.

"அண்ணே, உன்னை நம்பித்தான் அனுப்புறேன். பத்திரமாக் கூட்டிட்டு வா."

"நான் இருக்கேன்ல, நீ எதுக்குக் கலங்குறே?" என்று சிரித்தான் கோவன்.

சடையன் கொடியில் இறங்கினான். கோவன் பாறையில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டான். பாதி தூரம் போனதும் கீழிருந்து குரல் வந்தது.

"மச்சான்! முள்ளுக்கொடி காலைச் சுத்திக்கிச்சு. தேனீ வேற கிளம்பிடுச்சு. கத்தியை அனுப்பு!"

கோவனுக்குப் பதறிவிட்டது. கையை எடுக்க முடியாது. இடுப்பைப் பார்த்துக் கத்தினான்: "ஓடு, சீக்கிரம்! கொடியை அறு!"

எந்தக் கொடி என்று அவன் சொல்லவில்லை. எந்தக் கொடி என்று கத்தியும் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் விறைப்பாக ஒரு கொடி இருந்தது. ஒரே வெட்டு.

"முடிச்சிட்டேன்!" என்றது கத்தி.

கோவன் கையில் ஒரு முழக் கொடிதான் மிச்சம். கீழே "மச்சா..." என்று ஒரு குரல் எழுந்து பாதியில் நின்றுபோயிற்று.

அவன் எப்படி வீடு வந்து சேர்ந்தானோ, அவனுக்கே தெரியாது. பொம்மி அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவரு எங்கண்ணே?"

கோவன் அந்த அறுந்த கொடியைத் தரையில் வைத்தான். பொம்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அப்போதே வலி கண்டுவிட்டது. பொழுது சாய்வதற்குள் பெண்பிள்ளை பிறந்தது.

"தொப்புள்கொடி அறுக்கணும், கத்திகிட்டச் சொல்லு கோவா!" என்றாள் பேறு பார்த்தவள்.

எப்படிச் சொல்வான் அந்த வார்த்தையை? இடுப்பிலிருந்த கத்திதான் பேசியது.

"என்கிட்டச் சொல்லாதே கோவா. எனக்கு அறுக்கத்தான் தெரியும், எந்தக் கொடின்னு பாக்கத் தெரியாது" என்று அழுதபடியே உடம்பை மடித்துத் தன் பிடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது வாய் திறக்கவே இல்லை.

பொம்மி கையை நீட்டினாள். "இப்படிக் கொடு."

நகத்தால் நெம்பிக் கத்தியை வெளியே இழுத்தாள். கையில் பிடித்த கொடி எது என்று நன்றாகப் பார்த்தாள். தானே அறுத்தாள். பிள்ளையின் நாக்கில் வைக்கத் தேன் இல்லை.

கத்தியைத் துடைத்து மடக்கி அண்ணன் கையில் வைத்தாள். "இனிமேலாவது பாத்து அறுண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அன்று முதல்தான் மடக்குக்கத்தி யார் ஏவினாலும் முகம் காட்டுவதில்லை. வேண்டியவர்தான் நகம் நோகத் திறந்து, எதை அறுக்கிறோம் என்று கண்ணால் பார்த்து, தம் கையாலேயே அறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.