பள்ளத்தை விடாத பன்றி

வறண்ட காட்டாற்று மணலில் ஒரு பன்றி பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. மணலுக்கடியில் எங்கோ ஊற்று உண்டு. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது. கரையில் ஒரு புள்ளிமான் தவித்துக்கொண்டு நின்றது. அதன் குட்டி தாகத்தில் எழுந்திருக்கவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது.

"பன்றியண்ணே, வேறே எடத்துல தோண்டிப் பாருங்களேன்!" என்றது மான்.

"அதெப்படி? காலையிலேருந்து தோண்டுறேன். இப்ப விட்டா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடாதா?" பள்ளத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. பன்றியைக் காணோம்.

அதற்குள் ஒரு முயல் புழுதி பறக்க ஓடி வந்தது.

"ஆறு முழுக்கத் தேடிட்டேன் அக்கா! சொட்டுத் தண்ணி இல்லை!"

"எங்கேயாவது நின்னு மணலைக் கிளறினியா?"

"நிக்கிறதா? நின்னா மீதி ஆற்றை யாரு பார்க்கிறது?"

குட்டியின் கண் செருகியது. மான் பொறுமை இழந்தது.

"தம்பி, அண்ணன் வாலைக் கடிச்சிட்டு ஓடு. அங்கங்கே ஒளிஞ்சுக்கோ. உன்னைப் பிடிக்கத் தோண்டுவாரு!"

"ஐயோ! அவரு பல்லைப் பார்த்தியா அக்கா?"

"நீ என் குட்டியைப் பாரு!"

முயல் பார்த்தது. பிறகு பள்ளத்தில் குதித்து, நறுக்கென்று கடித்தது.

"எவன்டா அவன்!" பன்றி வெளியே பாய்ந்தது. முயல் தொலைவிலிருந்த ஒரு பாறையடியில் புகுந்தது. பன்றி அங்கே மணலை வாரி இறைத்தது. காய்ந்த மணல். முயல் நழுவிப் போய் ஒரு மரவேரடியில் ஒளிந்தது. அங்கேயும் காய்ந்த மணல்தான். கடைசியில் ஆற்று வளைவைத் தாண்டி ஒரு புதரடியில் பதுங்கியது. பன்றி ஆத்திரத்தோடு மூக்கை நுழைத்தது.

"வாலைக் கடிச்ச பயலே, வெளியே... அட, தண்ணி!"

மான் முட்டி முட்டித் தள்ள, குட்டி தள்ளாடி வந்து குடித்தது. குடித்துவிட்டுக் காதை ஆட்டியது.

"விடாம தோண்டினா வரும்னு சொன்னேனா இல்லையா!" என்றது பன்றி.

"நான் ஓடின ஓட்டத்துக்குத்தான் வந்துச்சு!" என்றது முயல், எட்ட நின்றபடியே.

மறைந்திருப்பதைத் தேடுகிறவர், ஓரிடத்தையே கட்டிக்கொண்டு கிடக்காமலும் எங்கும் நிற்காமல் ஓடாமலும், கொஞ்சம் கிளறிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் கூச்சப்படாமல் வேறிடம் போய்க் கிளற வேண்டும்.